இரண்டாவது அடி

போர் தொடங்கிய மூன்றாம் மாதம் ஊர்க்காவல் படைக்கு ஆள் சேர்த்தபோது ஃபிட்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. இடது காது பாதிதான் கேட்கும். முப்பது வருஷம் ஆயில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே தலையை வைத்துக்கொண்டிருந்தால் பின்னே எப்படிக் கேட்கும்? பட்டாளத்துக்குப் போகிற வயசுக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பதினாறு பேரைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, டிரில் மாஸ்டர் தானே தலைவரும் ஆகிவிட்டார். விசில் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. பதினாறு பேருக்கு நாலு துப்பாக்கி வந்தது. அதில் ஒன்று சுடாது. எது சுடாது என்று வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்பதுதான் அந்தப் படைக்குப் போட்ட முதல் உத்தரவு.

துப்பாக்கி கிடைக்காதவர்களுக்குத் தடி கொடுத்தார்கள். ஃபிட்டருக்கு மட்டும் பத்து பவுண்டு சம்மட்டி.

அதற்குக் காரணம் ஒரு தாள். மேலிடத்திலிருந்து வந்தது. எதிரி அந்த வழியாக வந்தால் ஊரில் இருக்கிற கிணற்று இன்ஜின்கள் பதினொன்றில் ஒன்றுகூட ஓடக்கூடாதாம். நியாயம்தான். டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம், ஆடு மாட்டைப் பத்திக்கொண்டு போய்விடலாம். தரையில் போல்ட் போட்டு இறுக்கின இன்ஜினை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? அவ்வளவு பெரிய சேனைக்கு நம் கிணற்றிலிருந்தே தண்ணீர் இறைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் இன்ஜினை எப்படி ஓடாமல் பண்ணுவது என்று தாளில் ஒரு வரி இல்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் டிரில் மாஸ்டர். "ஒரே போடு. ஃபிட்டரே, எங்க அடிச்சா சாகும்? அதச் சொல்லுங்க."

"மேல மூடி மாதிரி இருக்கிற ஹெட்டுல அடிச்சாப் போதும் சார். வார்ப்பிரும்பு. பிளந்துடும்."

சொன்னது ஃபிட்டரேதான். கேள்வி இன்ஜினைப் பற்றியது என்றால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. சொல்லி முடித்த கையோடு, 'இயந்திர முடக்கப் பொறுப்பாளர்' என்று ஒரு பதவியும் கைப்பட்டையும் வந்து சேர்ந்தன. அன்று ராத்திரி அவர் மனைவி அந்தப் பட்டையைச் சட்டையில் வைத்துத் தைத்துக்கொண்டே, "ஊர்ல ஓடாததையெல்லாம் ஓட வெக்கிறதுதான் உங்க பொழப்புன்னு நெனச்சேன்" என்றாள். கேட்காத காதுப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தது அவருக்கு நல்ல சாக்காகப் போயிற்று.

சனிக்கிழமை தோறும் ஒத்திகை. மரம் அறுக்கிற மில்லின் சங்கு மூன்று தடவை விட்டு விட்டு ஊதும். ஃபிட்டர் சம்மட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிழக்கே சாலையோரம் இருக்கிற முதல் இன்ஜின் கொட்டகையில் தொடங்கி மேற்கே கடைசிக் கிணறு வரைக்கும் போவார். நிஜமாக உடைக்க முடியுமா? ஒவ்வொரு இன்ஜின் மேலும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். போட்டால் உடைந்ததாகக் கணக்கு. பதினொரு இன்ஜினையும் நாற்பத்தோரு நிமிஷத்தில் முடித்ததுதான் அவருடைய சாதனை. "வர்ற வாரம் நாப்பதுக்குள்ள வரணும்" என்பார் டிரில் மாஸ்டர், ஏதோ ஃபிட்டர் பந்தயக் குதிரை என்ற நினைப்பில். சாக்பீஸால் உடைப்பதற்கு நோகவா போகிறது? மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒரே ஒரு சங்கடம், அந்த முதல் கொட்டகை. அது ஃபிட்டருடைய மச்சானுக்குச் சொந்தம். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சண்டைக்கு நிலம் நீச்சு எல்லாம் காரணமில்லை. காரணம் அந்த இன்ஜினேதான். ஆறு வருஷத்துக்கு முன்பு அது புகை கக்கியபோது, வீட்டு மாப்பிள்ளை ஃபிட்டராகக் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்க, மச்சான் டவுனிலிருந்து ஆளைக் கூட்டிவந்து வேலை பார்த்தார். அதோடு விட்டாரா? யாரோ ஒருவர் வீட்டு விருந்தில், இலை பரிமாற ஆள் வருவதற்குள், பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னார்: "நம்ம மாப்ள கை பட்டா ஓடற இன்ஜினும் நின்னுடும்." எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் தமாஷுக்குச் சொன்னது என்று இன்றுவரைக்கும் சாதிக்கிறவர்கள் உண்டு. ஃபிட்டர் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். நல்ல காதுப் பக்கம் நின்று சொல்லித் தொலைத்தார் பாவம்.

அப்புறம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வார்கள், கடைத்தெருவில் நின்று, ஒளிந்து பேசுகிற மாதிரி. ஃபிட்டர் வீட்டு வாசலை மச்சான் மிதித்ததில்லை. ஒத்திகை நாளில் ஃபிட்டர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்க் குறியைப் போடுவார். அவர் சைக்கிளில் ஏறுவதற்குள் மச்சான் ஈரத்துணியை எடுத்து அந்தக் குறியை அழிப்பார். ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு பேருடைய வயதையும் கூட்டினால் நூற்றாறு வருகிறது; கேட்கவே வெட்கக்கேடு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது.

ஃபிட்டர் பட்டறையில் மண்ணெண்ணெய்ச் சட்டிக்குள் கையை விட்டு ஒரு பேரிங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று தடவை விட்டு விட்டு ஊதியது. நின்றது. மறுபடியும் மூன்று தடவை. மனைவி கொல்லையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"ஏங்க, இன்னிக்கு சனிக்கிழமை இல்லியே?"

"இல்ல."

"அப்ப நெசமாவா?"

"வீட்டப் பூட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடு. பொம்பளைங்க எல்லாரும் அங்கதான் வருவாங்க. எதையும் எடுத்துக்கிட்டு நிக்காதே, போ."

"நீங்க?"

"எனக்குப் பதினொரு எடம் இருக்கு."

பட்டையைக் கையில் மாட்டக்கூட நேரமில்லை. சம்மட்டியைக் கட்டினார், பழக்க தோஷத்தில் ஸ்பேனர் பையையும் தோளில் போட்டுக்கொண்டார், மிதித்தார். தெருவில் சனங்கள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்கள். ஃபிட்டருடைய கால் மட்டும் பழகின பாதையில் போய்க்கொண்டிருந்தது.

மச்சானுடைய கொட்டகையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. மக்காச்சோளம் மணி பிடிக்கிற நேரம். இந்தத் தண்ணீர் தவறினால் கதிர் முழுக்கப் பொக்கையாகப் போகும். பாதி நிலம் நனைந்திருந்தது, பாதி காய்ந்து கிடந்தது. ஆளைக் காணோம். டிராக்டரையும் காணோம்.

'ஓடிட்டான்' என்று நினைத்தார் ஃபிட்டர். 'சங்குச் சத்தம் கேட்டதும் ஓடற இன்ஜினைக்கூட நிறுத்தாம ஓடிட்டான். வாய்தான் நீளம்.'

அந்த அவசரத்திலும் அவர் எண்ணெய்க் குழாயை மூடி, இன்ஜினை முறைப்படிதான் நிறுத்தினார். ஓடுகிற இன்ஜினை அடிக்க அவருக்குக் கை வராது. சக்கரம் நின்றது. சம்மட்டியை ஓங்கி, சூடு ஆறாத ஹெட் மேல் போட்டார். முதல் அடியிலேயே வெடிப்பு விழுந்து, உள்ளேயிருந்த தண்ணீர் வெந்நீராகப் பொங்கி வழிந்தது. இன்ஜின் செத்தது. அதோடு வேலை முடிந்தது.

மறுபடி ஓங்கிப் போட்டார். மூலையில் ஒரு துண்டு தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது.

சைக்கிளில் ஏறினபோது அவருக்கு நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம் இருந்தது. மறைக்கிறதற்கு என்ன இருக்கிறது, இருந்தது. இரண்டாவது கொட்டகைக்குப் போகிற வரைக்கும் இருந்தது.

இரண்டாவது இன்ஜின் செங்கல் சூளைக்காரருடையது. போன மாதம்தான் ஃபிட்டர் அதன் பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டு, மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டிப் பழக்கிவிட்டிருந்தார். சம்மட்டியைத் தூக்கினார். கை மேலே போனது, கீழே வரவில்லை. அப்போதுதான் அவருக்குப் புத்தியில் உறைத்தது. ஹெட்டில் சொருகியிருக்கிற நாசிலைக் கழற்றினால் போதுமே! எண்ணெயை உள்ளே பீச்சுகிற சாமான் அது, கைக்கு அடக்கமாக இருக்கும். அது இல்லாமல் எந்தச் சேனாதிபதி வந்து சுற்றினாலும் இன்ஜின் கிளம்பாது. ஒரு குழாய், இரண்டு நட்டு. மூன்று நிமிஷ வேலை. பதினாறு பேர், மூன்று மாதம், அத்தனை ஒத்திகை. ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மற்றவர்களை விடுங்கள், ஃபிட்டருக்கே தோன்றவில்லை.

கழற்றினார், துணியில் சுற்றினார், பையில் போட்டார். அப்புறம் மிச்ச ஒன்பது கொட்டகையிலும் அதையே செய்தார். பத்து நாசிலும் பையில் கலகலவென்று ஆட, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஆபத்து நீங்கியதற்கு ஊதுகிற நீளச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி மேல் காவலுக்கு உட்கார்ந்திருந்த சலவைக்காரர் கிழக்கே பெரிய புழுதியைப் பார்த்திருக்கிறார். எதிரி வண்டிகள் என்று சங்கு ஊதச் சொல்லிவிட்டார். வந்தது நம் பட்டாளத்து லாரிகள், ஒன்பது லாரி நிறைய வைக்கோல். ஓட்டி வந்தவர்கள் டீ கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சலவைக்காரர் முகத்தில் அசடு வழிய, "வைக்கோலுக்கு இவ்ளோ புழுதி கிளம்பும்னு யாருக்குத் தெரியும்?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நிமிஷம் இன்ஜின்காரர்கள் ஃபிட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. "ஒடச்சுட்டீங்களா? ஐயோ, எல்லாத்தையுமா?" ஃபிட்டர் பையைத் திறந்தார். ஒவ்வொரு நாசிலாக எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, "இது உங்களோடது. இது சூளைக்காரரோடது. இது ஒழுகற சனியன், உங்களோடதுதான்" என்று கொடுத்தார். சூளைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். டிரில் மாஸ்டர், "அட, இது நமக்குத் தோணாமப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, அந்த இடத்திலேயே சம்மட்டி ரத்து, இனிமேல் நாசில்தான் என்று உத்தரவு போட்டார்.

"பத்துதானே இருக்கு?" என்றது ஒரு குரல். "ஒங்க மச்சானோடது?"

ஃபிட்டர் பையை உதறி மடித்தார். "அது வேற" என்றார். அவர் முகத்தைப் பார்த்த இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க என்ன பேசும் என்று ஃபிட்டருக்குத் தெரியும். பத்து பேர் இன்ஜினைக் காப்பாத்தினாராம், மச்சான் இன்ஜினை மட்டும் பிளந்தாராம். உத்தரவு, சாலையோரக் கொட்டகை, முதல் இடம் என்று அவர் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? அவரே நம்பவில்லையே.

பெண்கள் கூட்டத்தில் மனைவியைத் தேடினார். இல்லை. இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். யாரும் அவளைப் பார்க்கவில்லை என்றார்கள். இன்ஜினும் மண்ணாங்கட்டியும் மறந்துபோய், தலைகால் புரியாமல் வீட்டுக்கு மிதித்தார்.

வீடு பூட்டியிருந்தது. பட்டறைக் கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே டூல் பெட்டி இல்லை. மேஜை மேல் முப்பது வருஷமாக உட்கார்ந்திருந்த, சாமானைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வைஸைக் காணோம். அது இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள்தான் இருந்தன. ஃபிட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. திருடனா? சங்கு ஊதுகிற நேரத்தில் வைஸைக் கழற்றுகிற திருடனா?

தெருமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஓட்டிக்கொண்டு வந்தவர் மச்சான். பின்னால் டிரெய்லரில், ஒரு கையால் டூல் பெட்டியையும் இன்னொரு கையால் வைஸையும் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் புழுதியாக ஃபிட்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாசலில் கால் வைத்தார்.

"மாப்ள, ஒண்ணும் ஆகலியே?" என்றார்.

இல்லை என்று ஃபிட்டர் தலையை ஆட்டினார்.

"வண்டிப்பாதை வழியா வந்து இவளக் குவாரி மேட்டுக்கு இட்டுக்கிட்டுப் போயிட்டேன். பள்ளிக்கூடத்து மேல குண்டு போட்டா என்ன ஆவறது? அதான். நீளச் சங்கு கேட்டுத் திரும்பினோம்." மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்திரம் பண்டம் ஏதாச்சும் எடும்மான்னா, இவ அழுதுகிட்டு நிக்கறா. எனக்கும் எதை எடுக்கறதுன்னு தெரியல. சரி, சட்டி பானை போனா வாங்கிக்கலாம், மாப்ள திரும்பி வந்தா கைத்தொழிலுக்கு என்ன பண்ணுவாருன்னு இதத் தூக்கிப் போட்டேன். யோவ், அந்த வைஸக் கழட்டறதுக்குள்ள எனக்குப் பிராணன் போயிடுச்சு. எவனாவது போல்ட்ட அப்படி இறுக்குவானா?"

ஃபிட்டர் டிரெய்லர் பக்கம் போய் டூல் பெட்டியின் பிடியைத் தொட்டார்.

"சரி, நான் கெளம்பறேன். இன்ஜினக்கூட நிறுத்தாம ஓடியாந்துட்டேன். இந்நேரம் வாய்க்கா ஒடச்சிக்கிட்டுப் போயிருக்கும்."

"மச்சான்" என்றார் ஃபிட்டர். "இன்ஜின் ஓடல. நான் ஒடச்சிட்டேன்."

மச்சான் டிராக்டரில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

"ஹெட்டு போச்சு. உத்தரவு அப்படி. முதல்ல உங்க கொட்டகைதானே."

"அது தெரிஞ்சதுதானே" என்றார் மச்சான் மெதுவாக. "அப்ப பதினொண்ணும் போச்சா? ஊரே காய்ஞ்சிடுமே மாப்ள."

ஃபிட்டருக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது, ஆமாம் என்று சொல்லிவிட. எத்தனை நாழிகை தாங்கும் அந்தப் பொய்? ஆனால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து அவர் உண்மையைச் சொல்லவில்லை. டிரெய்லரில் இருந்த வைஸைப் பார்த்தார், அதனால் சொன்னார்.

"இல்ல. மத்த பத்தும் நல்லா இருக்கு. நாசில மட்டும்தான் கழட்டினேன். திருப்பிக் குடுத்துட்டேன்."

மனைவி டிரெய்லரிலிருந்து இறங்கி வந்தாள். "ரெண்டாவது எடத்துல வந்த புத்தி மொத எடத்துல ஏன் வரல?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

மச்சான் அடுத்துக் கேட்டார்.

"எத்தன அடி?"

"ரெண்டு."

"மொத அடிக்கு ஒடையலியா?"

"ஒடஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

"மொத அடி உத்தரவு." என்றார் ஃபிட்டர். "ரெண்டாவது என்னோடது மச்சான். நீங்க பயந்து ஓடிட்டீங்கன்னு நெனச்சேன்."

தெருவில் சனங்கள் பேசிக்கொண்டே வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மச்சான் அவர்களையெல்லாம் பார்த்தார், அப்புறம் தன் கையைப் பார்த்தார். வைஸ் போல்ட்டில் தோல் உரிந்த கை.

"ஆறு வருஷமா வெச்சிருந்தியா அத?"

"ஆமா."

"தீந்துடுச்சா, இன்னும் மிச்சம் இருக்கா?"

"தீந்துடுச்சு."

"அப்ப ஏறு" என்றார் மச்சான். "காய்ஞ்ச பாதி நெலம் அங்க நிக்குது."

டவுனில் புது ஹெட் கேட்டால் சிரிப்பார்கள். வார்ப்படம் எல்லாம் போருக்குப் போய்விட்டது. ஃபிட்டர் பட்டறையில் கடைசல் இயந்திரத்தை ஓட்டுகிற இன்ஜின் அதே கம்பெனி, அதே சைஸ். யாரும் சொல்லாமலேயே அதன் ஹெட்டைக் கழற்ற உட்கார்ந்தார். இனிப் பட்டறை ஓடாது, எல்லாம் கை அரம்தான், போர் முடிகிற வரைக்கும் அப்படித்தான் என்று மனைவிக்கும் தெரிந்தது. அவள் ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட்டைத் துடைத்துக் கொடுத்தாள். கொட்டகையில் மச்சான் கேட்ட ஸ்பேனரைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தார். பாதி தப்பான ஸ்பேனர். ஃபிட்டர் திட்டவில்லை. வெயில் தாழும் நேரத்தில் கடைசி நட்டை இறுக்கிவிட்டு, "சுத்துங்க மச்சான்" என்றார்.

மச்சான் சுற்றினார். இரண்டாவது சுற்றில் கிளம்பியது. குழாயில் தண்ணீர் வந்தது. மச்சான் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காய்ந்த பாதிக்கு மடை திருப்பப் போய்விட்டார்.

ஊர் பேசவேண்டியதைப் பேசியது. "அட, ஃபிட்டர் கை பட்டா ஓடற இன்ஜினும் நிக்குமாமில்ல" என்று பழைய தமாஷை யாரோ தூசி தட்டி எடுத்தார்கள். மச்சான் கடைத்தெருவில் வைத்தே கேட்டாராம், "நின்ன இன்ஜின் ஓடுது, போய்ப் பாத்துட்டு வந்து பேசறியா?" என்று. அதற்குமேல் யாரும் அதை எடுக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. சங்கு ஊதியது. ஃபிட்டர் சம்மட்டி இல்லாத சைக்கிளில், ஸ்பேனர் பையும் சாக்பீஸுமாக முதல் கொட்டகைக்குப் போனார். பிளந்த ஹெட்டைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார் மச்சான், காற்றில் கதவு அடிக்காமல் இருக்க. இரண்டு அடியும் தனித்தனியாகத் தெரிந்தன.

"அதக் குடுங்க மச்சான், பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"இருக்கட்டும். நல்லா ஒக்காந்திருக்கு."

ஃபிட்டர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போடத் தயக்கமாக இருந்தது.

"போடுய்யா. நேரம் ஆவுதில்ல?"

போட்டார். மச்சான் ஈரத்துணியைத் தேடவில்லை. ஃபிட்டர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். "மாஸ்டர்கிட்டச் சொல்லி வரிசைய மாத்திடறேன் மச்சான். உங்களோடதக் கடைசியா வெச்சுக்கலாம்."

"எதுக்கு?" என்றார் மச்சான். "மொதல்ல இங்கயே வா. சங்கு ஊதினா நான் ஒன் வீட்டுக்குப் போயிடுவேன். இங்க நம்ம ஆளு யாராச்சும் இருக்க வேணாமா?"

ஃபிட்டர் சரி என்றார். சைக்கிளில் ஏறி இரண்டாவது கொட்டகைக்குப் போகிற வழியில் கண்ணில் நீர் மறைத்து, ஒரு தடவை இறங்கி நின்றார். அன்றைக்கு நாற்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. டிரில் மாஸ்டர் கடிகாரத்தைக் காட்டித் திட்டினார்.